அயற்கனிக் கொட்டைகளைத் தொட்டியில் ஊன்றிக் காத்திருத்தல்: ஓர் ஆய்வுரை

விலை கொடுத்து வாங்கிய பழத்தைத் தின்று முடித்த பின், தட்டில் எஞ்சிய கொட்டையைக் குப்பைக்கூடையில் இடாமல், கழுவித் துடைத்து, கைக்கு எட்டிய தொட்டி ஒன்றில் புதைத்து, அதிலிருந்து மரமும் அம்மரத்திலிருந்து அதே பழமும் கிடைக்கும் எனக் காத்திருக்கும் வழக்கம் தமிழ்நாட்டு நகரக் குடும்பங்களில் பரவலாகக் காணப்படுகிறது. தோட்டக்கலை அறிஞர் இதனைச் சமூகவியலார் பார்த்துக்கொள்வர் என்றும், சமூகவியலார் இதனைத் தோட்டக்கலையார் பார்த்துக்கொள்வர் என்றும் விட்டுவிட்டமையால், உளுந்துக்குக் கிடைத்த ஆய்வு மதிப்பில் சிறு பகுதியும் இவ்வழக்கத்துக்குக் கிடைக்கவில்லை. அக்குறையை ஓரளவேனும் போக்குதல் இக்கட்டுரையின் நோக்கம். கொட்டை ஊன்றுவோரைத் திருத்துதல் இதன் நோக்கமன்று. அவர்கள் திருந்துவர் என்பதற்குச் சான்றும் இல்லை.

முதற்கண் 'அரிய கனி' என்பதற்கு வரையறை வேண்டும். தோன்றிய நாட்டை வைத்து வரையறுக்கப் புகுந்தால் வரையறை உடனே உடைகிறது. கொய்யா, பப்பாளி, சீத்தா, சப்போட்டா, அன்னாசி, முந்திரி ஆகிய அனைத்தும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, ஐரோப்பியரின் கப்பல்களில் ஏறி இங்கு வந்தவை; எனினும் இன்று கொய்யாவை அயல்நாட்டுக் கனி என்று எவரேனும் சொன்னால் தள்ளுவண்டிக்காரரே சிரிப்பார். கிடைப்பருமையை வைத்து வரையறுத்தாலும் பயனில்லை; நாவற்பழமும் களாப்பழமும் சில நகர்களில் டிராகன் பழத்தைவிட அரியனவாகிவிட்டன, ஆயினும் அவற்றின் கொட்டையை ஒருவரும் கழுவி எடுத்து வைப்பதில்லை. ஆகவே, விலையைக் கேட்ட கணத்திலேயே வாங்குபவரின் எண்ணத்தைச் சதையிலிருந்து கொட்டைக்குத் திருப்ப வல்ல கனி எதுவோ அதுவே அரிய கனி எனக் கொள்ளுதல் பொருந்தும். இவ்வரையறைக்குள் ரம்புத்தான், மங்குஸ்தான், துரியன், லிச்சி, பட்டர் ஃப்ரூட் எனப்படும் அவகாடோ ஆகியவை ஐயத்துக்கு இடமின்றி அடங்கும். மல்கோவாவும் இமாம்பசந்தும் சில கோடைகளில் அடங்கும், சில கோடைகளில் வெளியேறும்.

இக்கனிகள் தமிழர் வீட்டுக்குள் நுழையும் வாயில்கள் சிலவே. குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் அருவிக்குப் போகும் வழியெங்கும் ரம்புத்தானும் மங்குஸ்தானும் கூடைகளில் அமர்கின்றன. குளிக்கச் சென்றவர்கள் ஈரத்துணியோடு பேரம் பேசி வாங்கும் அப்பழங்களின் கொட்டைகள் திரும்பும் பேருந்திலேயே முதல் உலர்ச்சியை அடைகின்றன. நீலகிரிச் சரிவில் பர்லியாற்றிலும் அடிவாரத்தில் கல்லாற்றிலும் அரசு பழப்பண்ணைகள் நூறாண்டுக்கு மேலாக இம்மரங்களை வளர்த்து வந்துள்ளன என்பதால், இவை தமிழ் மண்ணில் காய்க்கா என்று சொல்வதற்கில்லை. மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் உறவினரின் பெட்டி மற்றொரு வாயில். அவ்வாயிலில் சட்டம் ஒன்று நிற்கிறது: அழிவு செய்யும் பூச்சிகள், நோய்கள் பற்றிய 1914ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2003இல் பிறப்பிக்கப்பட்ட தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி, விதையையோ கன்றையோ நாட்டுக்குள் கொண்டுவர முன் அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் நலச்சான்றும் வேண்டும். சேலை மடிப்பில் வந்த துரியன் கொட்டையிடம் இவ்விரண்டும் இருப்பதில்லை. ஒரு கொட்டையோடு ஒரு புழுவும் குடியேறலாம் என்பதால் இவ்வாணை வேடிக்கையன்று என்பதை மட்டும் இங்குக் குறித்து மேற்செல்லலாம்.

வழக்கத்தின் காரணம் யாது என்னும் வினாவுக்கு இருவேறு விடைகள் கூறப்படுகின்றன. கொடுத்த விலையைப் பிற்காலத்து விளைச்சலால் ஈடுகட்டும் எண்ணமே காரணம் என்பது ஒரு சாரார் கொள்கை. இக்கொள்கை நிலைநில்லாது, ஏனெனில் தொட்டி, செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு ஆகியவற்றுக்கு முதல் ஆண்டில் செலவிடும் பணத்தில் அக்குடும்பம் ரம்புத்தானைக் கூடையாகவே வாங்கியிருக்க இயலும், அதனை அக்குடும்பத்தினரும் அறிவர். எறிய மனம் வராமையே காரணம் என்பது மற்றொரு சாரார் கொள்கை, இதுவே வலியது. தமிழ் அடுக்களையில் கொட்டை என்பது கழிவன்று. பலாக்கொட்டை குழம்புக்குப் போகிறது. புளியங்கொட்டை பல்லாங்குழிக்குப் போகிறது, ஒரு பக்கம் தேய்க்கப்பட்டால் தாயத்துக்கும் போகிறது. பூசணி விதை அடுத்த பட்டத்துக்குப் போகிறது. மாங்கொட்டையின் பருப்புக்கும் பாட்டிமாரிடம் பயன் இருந்தது. இம்மரபில் வளர்ந்த ஒருவரின் கையில் ரம்புத்தான் கொட்டை வந்து விழும்போது, அது குழம்புக்கும் ஆகாது, ஆட்டத்துக்கும் ஆகாது, மருந்துக்கும் ஆகாது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர, எஞ்சுவது மண் ஒன்றே. எனவே கொட்டை ஊன்றப்படுவது மரத்தின்மீதுள்ள ஆசையால் என்பதைவிட, வேறு வழி தோன்றாமையால் என்று கொள்ளுதல் தகும்.

அற்றேல், அவ்வாறு ஊன்றப்பட்டவற்றுள் பெரும்பாலன முளையாமல் போவது ஏன் எனின், அதற்கு விதையின் இயல்பை அறிதல் வேண்டும். 1973இல் ஈ. எச். ராபர்ட்ஸ் என்னும் அறிஞர் விதைகளை இருவகையாகப் பகுத்தார். உலர்த்தினாலும் உயிர் காக்கும் விதை முதல் வகை. உலர்ந்தால் உயிர்விடும் விதை இரண்டாம் வகை. இவற்றை முறையே உலர்தாங்கும் விதை, உலர்தாங்கா விதை என இங்கு வழங்கலாம். நெல், கத்தரி, வெண்டை, அவரை, சுரை போன்றவை முதல் வகையின; அவற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 5 என்னும் அளவுக்கு இறங்கினாலும் கரு உறங்குமேயன்றி இறப்பதில்லை. ரம்புத்தான், மங்குஸ்தான், துரியன், லிச்சி, அவகாடோ, அவற்றோடு நம் மாவும் பலாவும் இரண்டாம் வகையின. மழைக்காட்டில் விழுந்த இடத்திலேயே ஈரத்தில் முளைத்துவிடும் வாழ்க்கைக்குப் பழகிய இவ்விதைகளில் ஈரம் நூற்றுக்கு 20 அல்லது 30 அளவுக்குக் குறைந்தாலே கரு அழியும். குளிரும் இவற்றுக்கு ஆகாது. நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008இல் திறக்கப்பட்டு, சுழியத்துக்குக் கீழ் 18 பாகையில் உலகப் பயிர்விதைகளைக் காத்து வரும் உறைபனிப் பெட்டகம்கூட ரம்புத்தான் கொட்டைக்கு இடம் தர இயலாது. அப்பெட்டகத்தால் இயலாததை வீட்டுக் குளிர்பெட்டியின் முட்டைத் தட்டு செய்யும் என எதிர்பார்ப்பது முறையன்று.

இவ்விடத்தில் மரபறிவே வழக்கத்துக்குப் பகையாகிறது. சுரை, பூசணி விதைகளைச் சாணத்தில் பொதிந்து சுவரில் அப்பி வைப்பதும், கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டி வெயிலில் காயவைப்பதும் தலைமுறைகள் கண்டறிந்த நல்ல முறைகள். அவை உலர்தாங்கும் விதைகளுக்கு உரியவை. அம்முறையைப் பின்பற்றி, வைகாசியில் தின்ற பழத்தின் கொட்டையை மொட்டைமாடியில் நாளிதழின்மீது பரப்பி, மொறுமொறுவெனக் காயவைத்து, மாத்திரை டப்பா ஒன்றில் அடைத்து, ஆடிப்பட்டத்துக்கென்று பத்திரப்படுத்தும் குடும்பம், மிகுந்த அக்கறையோடு ஒரு பிணத்தைப் பாதுகாக்கிறது. ரம்புத்தான் கொட்டைக்குப் பழத்திலிருந்து எடுத்த பின் ஏறத்தாழ ஒரு வாரமே ஆயுள். லிச்சிக் கொட்டைக்கு அதுவும் இல்லை. ஆடியில் புதைக்கப்படும் அவ்வுடலுக்கு நாள்தோறும் நீர் வார்க்கப்படுவதும், இரண்டு வாரம் கழித்து விரலால் தோண்டிப் பார்க்கப்படுவதும், பார்த்த பின் மீண்டும் மூடப்படுவதும் இத்துறையில் நன்கு அறியப்பட்ட சடங்குகள்.

எதிர்ச்சான்றாக ஒரு பேரீச்சங்கொட்டையின் வரலாறு குறிப்பிடத்தக்கது. இஸ்ரேலில் மசாதா என்னும் பழங்கோட்டையில் 1960களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வயதுடைய கொட்டைகளுள் ஒன்றை 2005இல் இலேன் சோலோவே என்பவர் ஊன்ற, அது முளைத்தது. விவிலியத்தின் நெடுவாழ்வினரான மெத்தூசலா என்பாரின் பெயர் அதற்கு இடப்பட்டது. ஈச்சங்கொட்டை உலர்தாங்குவது, பாலைவனக் காற்றோ ஈரமற்றது. எனவே பேரரசுகள் தோன்றி மறைந்தபோதும் கரு காத்திருந்தது. இரண்டாயிரம் ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் வளர்ந்த அம்மரம் ஆண்மரமாக அமைந்தமையால் அதனால் காய்க்க இயலவில்லை என்பதைக் கொட்டை ஊன்றுவோர் அனைவரும் நினைவில் இருத்த வேண்டும். பின்னர் வேறொரு பழங்கொட்டையிலிருந்து ஹன்னா என்னும் பெண்மரம் முளைத்து, மெத்தூசலாவின் மகரந்தத்தால் 2020இல் காய்த்தது என்பது ஆறுதல். ஆயினும் எல்லா வீட்டுக்கும் ஒரு ஹன்னா கிடைப்பதில்லை.

முளைப்பிக்கும் முறையில் மூன்று நெறிகள் உள்ளன: டம்ளர் நெறி, ஈரத்தாள் நெறி, மண் நெறி. டம்ளர் நெறியார் அவகாடோக் கொட்டையின் இடுப்பில் பல்குத்தும் குச்சிகளைச் செருகி, பருத்த அடிப்பகுதி மட்டும் நீரில் அமிழும்படி கண்ணாடி டம்ளரின் விளிம்பில் தொங்கவிடுவர். சில வாரங்களில் கொட்டை பிளந்து வேர் இறங்குவதைக் கண்ணாலேயே காணலாம் என்பது இந்நெறியின் சிறப்பு. இதன்மீது இரண்டு தடைகள் எழுப்பப்படுகின்றன. காப்பி குடிக்கும் டம்ளர்களுள் ஒன்று மாதக்கணக்கில் காணாமற்போவது அடுக்களை ஆட்சியின் தடை. தேங்கிய நீர் டெங்குக் கொசுவுக்குத் தொட்டில் என்பது மாநகராட்சிச் சுகாதாரப் பணியாளரின் தடை. இரண்டாம் தடைக்கு நீரை நாள்தோறும் மாற்றுதல் விடையாகும். முதல் தடைக்கு விடை இல்லை. ஈரத்தாள் நெறியார் நனைந்த தாளில் கொட்டையைச் சுற்றி, மூடியிட்ட டப்பாவில் வைத்து, மூடியைத் திறந்து பார்க்கும் இன்பத்துக்காகவே வாழ்பவர். மண் நெறியார் பேசுவதில்லை. ஊன்றிவிட்டு மறந்துவிடுகின்றனர், முளைப்பு விகிதத்தில் முன்னிற்பவரும் அவர்களே எனத் தோன்றுகிறது.

முளைத்த தொட்டியின்மீது நெகிழிப்பை ஒன்றைக் கவிழ்த்து ஈரம் காக்கும் உத்தி மூன்று நெறியாருக்கும் பொதுவானது. அதற்கு மதிப்புமிக்க முன்னோடி உண்டு. 1829இல் லண்டன் மருத்துவர் நதானியல் வார்ட், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை மூடிய புட்டியில் வைத்திருந்தபோது, அதிலிருந்த ஈரமண்ணில் பெரணி ஒன்று தானே முளைத்து, நீர் ஊற்றாமலே வாழ்வதைக் கண்டார். அதன்வழிப் பிறந்த வார்ட் பெட்டி என்னும் கண்ணாடிப் பேழையில்தான் 19ஆம் நூற்றாண்டின் கன்றுகள் கண்டம் விட்டுக் கண்டம் உயிரோடு சென்றன. ஜவுளிக்கடைப் பையைத் தலைகீழாகக் கவிழ்க்கும் இல்லத்தரசி இவ்வரலாற்றுக்கு முழு உரிமையுடைய வாரிசு ஆவார்.

முளைத்தது எது என அறிதல் அடுத்த இடர்ப்பாடு. தொட்டியில் முன்பே கிடந்த தக்காளி விதையும் காக்கை கொணர்ந்த வேப்பங்கொட்டையும் முந்திக்கொண்டு முளைக்கும் இயல்பின; குறிச்சீட்டு வைக்கும் பழக்கமோ இக்குடும்பங்களில் இல்லை. இதன் விளைவாக, குப்பைமேனி ஒன்று ஒரு மழைக்காலம் முழுவதும் அயற்கனிக் கன்றுக்குரிய மரியாதையுடன் வளர்க்கப்பட்டு, பூத்த பின்பே அடையாளம் காணப்படுவது உண்டு. ரம்புத்தானும் லிச்சியும் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதும் இங்குச் சொல்லத்தக்கது: தலை அலசப் பயன்படும் பூந்திக்கொட்டை மரமும் தோசை மாவில் அரைத்துச் சேர்க்கப்படும் முடக்கத்தானும் அவற்றுக்கு நெருங்கிய உறவு. கீரைக்காரரிடம் கட்டாகக் கிடைக்கும் உறவினரை எவரும் தொட்டியில் வைத்துப் படம் பிடிப்பதில்லை என்பது தாவரக் குடும்பங்களிலும் நிலவும் ஏற்றத்தாழ்வு.

இனி, கன்றின் இலக்கணம். தொல்காப்பிய மரபியல் புறத்தே வைரம் உடையதைப் புல் என்றும் அகத்தே வைரம் உடையதை மரம் என்றும் பகுக்கிறது. இப்பகுப்பின்படி மெத்தூசலா இரண்டாயிரம் ஆண்டு உறங்கி எழுந்த ஒரு புல்லாகும். தொட்டியில் நான்கு ஆண்டு நின்றும் பென்சில் பருமனைத் தாண்டாத அவகாடோவோ, அகத்திலும் வைரமின்றிப் புறத்திலும் வைரமின்றி, உடையவரின் நெஞ்சுறுதியை மட்டுமே தாங்குகோலாகக் கொண்டு நிற்பது. இதனைப் புல்லுள் அடக்குவதா மரத்துள் அடக்குவதா என்னும் வினாவை உரையாசிரியர் எவரும் எதிர்கொள்ள நேராதது அவர்களின் நற்பேறு.

ஊன்றியது முளைத்து, முளைத்தது வளர்ந்தது என்றே கொண்டாலும், அது காய்க்கும் பழம் தின்ற பழமாக இருக்குமா என்பதே இவ்வாய்வின் நடுவண் வினா. பெரும்பாலும் இராது. பூவில் மகரந்தம் சேர்ந்து உருவாகும் கருவில் தாயின் பண்போடு, எந்தத் தோட்டத்து எந்த மரம் எனத் தெரியாத தந்தையின் பண்பும் கலக்கிறது. எனவே மல்கோவாக் கொட்டையிலிருந்து வருவது மல்கோவாவின் பிள்ளையே அன்றி மல்கோவா அன்று. அதனால்தான் தோட்டக்காரர்கள் விதைக்கன்றை வேராக மட்டும் வைத்துக்கொண்டு, நல்ல மரத்தின் குச்சியை அதன்மேல் ஒட்டி, ஒட்டுக்கன்று என விற்கின்றனர். இவ்விதிக்கு விலக்கும் உண்டு. ஒரே கொட்டையில் பல கருக்கள் இருத்தல் பல்கருவுடைமை எனப்படும். ஆரஞ்சு விதையில் இதனை லேவன்ஹூக் 1719இலேயே கண்டு குறித்தார். கேரளக் கரையின் ஒளூர், சந்திரக்காரன் போன்ற மாக்களிலும் இது உண்டு. அக்கருக்களில் பல, தந்தையின் பங்கே இன்றித் தாயின் திசுவிலிருந்து நேரே எழுபவை என்பதால், ஒரு கொட்டையிலிருந்து மூன்று நான்கு தளிர்கள் கிளம்பினால் அவற்றுள் தாயை அப்படியே ஒத்தவை இருக்கும். மல்கோவா, இமாம்பசந்து, பங்கனப்பள்ளி, நீலம் ஆகியவை ஒற்றைக் கரு உடையவை. விலை உயர்ந்தவை என்பதால் ஊன்றப்படுபவையும் அவையே.

ஜப்பானின் மியாசாகி மாம்பழம் இவ்விடத்தில் தனியே ஆராயத்தக்கது. ஒரு பழத்தின் விலையைக் கேட்டு நாளிதழ்கள் வியந்ததாலும், 2021இல் ஜபல்பூர்த் தோட்டம் ஒன்றில் அதற்குக் காவலாளிகளும் நாய்களும் நிறுத்தப்பட்ட செய்தி பரவியதாலும், அதன் விதை என்ற பெயரில் ஏதேதோ கொட்டைகள் விற்பனைக்கு வருகின்றன. 'கதிரவனின் முட்டை' என்று ஜப்பானியர் அழைக்கும் அப்பழம், அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் தோன்றிய இர்வின் என்னும் மா வகையே. பசுமைக் குடிலில் வெப்பம் காத்து, கொத்துக்கு ஒன்று என மற்றப் பிஞ்சுகளைக் கிள்ளி, பழுத்துத் தானே உதிரும் பழத்தை வலையில் ஏந்தி, எடையும் இனிப்பும் அளந்து தேர்ந்தெடுப்பதால் அதற்கு அவ்விலை கிடைக்கிறது. விலையின் பெரும்பகுதி குடிலிலும் வலையிலும் கிடக்க, கொட்டையை மட்டும் வாங்கி வருபவர், கல்யாண விருந்தை உண்ண விரும்பி வாழையிலையை வாங்கி வந்தவர் ஆகிறார்.

ரம்புத்தானில் இடர் வேறு வகையானது. விதையிலிருந்து வரும் ரம்புத்தான் கன்றுகளில் ஏறத்தாழ பாதி ஆண்மரங்களாக அமைகின்றன. அவை பூக்கும், நிழல் தரும், தேனீக்களை வரவழைக்கும், காய்க்க மட்டும் மாட்டா. இது ஆண்மரம் என்பது ஐந்தாறு ஆண்டுகள் நீர் ஊற்றிய பின் பூ வந்தால்தான் தெரியும். அவகாடோ இன்னும் நுண்ணிய ஏற்பாடு உடையது. அதன் ஒரே பூ முதல் முறை திறக்கும்போது பெண்ணாகவும், மூடி மறுநாள் மீண்டும் திறக்கும்போது ஆணாகவும் இருக்கும். சில மரங்களில் காலையில் பெண்பருவமும், சில மரங்களில் பிற்பகலில் பெண்பருவமும் அமையும் என்பதால், இருவகை மரங்களும் அருகருகே நின்றால்தான் காய்ப்பு மிகும். ஒரு தொட்டிக்கே இடமின்றிக் காலணி அடுக்கை நகர்த்திய பால்கனியில், நேரக்கணக்கில் பொருந்தும் இரண்டாம் மரத்துக்கு இடம் தேடுவது எளிதன்று.

இவ்வளவும் கூறியபின், வழக்கத்தின் ஆதரவாளர் ஒரு பெயரைச் சொல்லி எதிர்வாதம் செய்வர்; அது செவிசாய்க்கத்தக்கது. கலிபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்னும் தபால்காரர் 1926 அளவில் ஊன்றிய அவகாடோக் கொட்டைகளுள் ஒன்று முளைத்துக் கன்றானது. வழக்கப்படி அதில் நல்ல வகையை ஒட்ட முயன்றனர். ஒட்டு பிடிக்கவில்லை, மறுமுறையும் பிடிக்கவில்லை. வெட்டப்பட வேண்டிய அக்கன்று விடப்பட்டது. அது காய்த்தபோது பழம் வழக்கமான பச்சைத் தோலுடன் இல்லாமல் கறுத்துச் சொரசொரப்பாக இருந்தது. ஆனால் வீட்டுப் பிள்ளைகள் அதனையே விரும்பித் தின்றனர். 1935இல் அதற்குக் காப்புரிமை பெறப்பட்டது. இன்று உலகச் சந்தையில் விற்கும் அவகாடோவின் பெரும்பங்கு அந்த ஒற்றை மரத்திலிருந்து ஒட்டிப் பெருகியது. தாய்மரம் 2002இல் வேரழுகல் நோயால் பட்டுப்போனது. பெயர்பெற்ற பழவகைகள் பலவும் இவ்வாறு எவரோ ஊன்றி, எவரோ வெட்டாமல் விட்ட விதைக்கன்றிலிருந்தே வந்தவை என்பதால், தொட்டியில் நிற்கும் கன்றைப் பயனற்றது என்று தள்ளும் துணிவு இவ்வாய்வுக்கு இல்லை. ஹாஸுக்குக் காப்புரிமையால் கிடைத்த பணம் சிறிதே என்பதையும், அவர் தபால் வேலையை விடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் தடியன்குடிசைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.கே.டி. 1 என்னும் அவகாடோ வகையும் தேர்ந்தெடுப்பின் பயனே. ஆனால் தேர்ந்தெடுக்கப் பல மரங்கள் வேண்டும், வீட்டில் இருப்பது ஒன்று.

காலத்தைப் பற்றிய பகுதி இத்துறையின் துயரப் பகுதி. விதைக்கன்று பூக்கும் தகுதி பெறும்வரை கடக்கும் பருவம் இளமைப்பருவம் எனப்படும். அவகாடோவுக்கு அது ஐந்து முதல் பதின்மூன்று ஆண்டு வரை நீளலாம். மங்குஸ்தானுக்கு எட்டு முதல் பதினைந்து ஆண்டு. லிச்சிக்கும் பத்துக்கு மேல் ஆகலாம். வாடகை ஒப்பந்தமோ பதினொரு மாதம். ஊன்றியவர் வீடு மாறுகையில் லாரியில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் இடையே கன்றும் ஏறுகிறது. மூன்று வீடு மாறிய மங்குஸ்தான் கன்று எட்டு இலையோடு நிற்பது வியப்பன்று, அதன் வேர்கள் மெல்லியன, இடமாற்றத்தை விரும்பாதன. லிச்சியின் நிலை வேறு. பூமொட்டு உருவாவதற்கு அதற்குச் சில வாரக் குளிர் வேண்டும்; பீகாரின் முசாஃபர்பூரில் அது இயல்பாகக் கிடைக்கிறது. சென்னையில் குளிர்காலம் நாள்காட்டியில் மட்டும் வருவதால், அங்கு லிச்சி செழித்த இலைச்செடியாகவே முதுமை அடையும். ஆப்பிள் விதை முளைக்கவே குளிர் கேட்கும் என்று அறிந்தவர்கள், ஈரமண்ணோடு அதனை டப்பாவில் இட்டு இரண்டு மூன்று மாதம் குளிர்பெட்டியில் வைத்து முளைப்பித்துவிடுகின்றனர். முளைத்த கன்றுக்கும் ஆண்டுதோறும் குளிர் வேண்டும் என்பது பின்னரே தெரியவருகிறது. அதற்குள் கன்று குளிர்பெட்டியைவிட உயரமாகிவிடுகிறது.

இடத்தைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். 1787இல் பிரிட்டிஷ் அரசு ஈரப்பலாவைத் தாகிட்டியிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுசெல்ல பவுண்டி என்னும் கப்பலை அனுப்பியது; நல்ல ஈரப்பலாவில் விதை இல்லாமையால் கன்றுகளையே ஏற்ற வேண்டியிருந்தது, அவற்றுக்கெனக் கப்பலின் மிகப் பெரிய அறை ஒதுக்கப்பட்டது. 1789இல் மாலுமிகள் கிளர்ந்து தலைவர் பிளைவைப் படகில் இறக்கிவிட்டு, கன்றுகளைக் கடலில் எறிந்தனர். வீட்டின் வெளிச்சமுள்ள ஒரே சன்னலைத் தொட்டிகளுக்கு ஒதுக்கும் குடும்பத் தலைவர்கள் இந்நிகழ்ச்சியை அறிந்திருத்தல் நலம். முப்பது மீட்டருக்கு மேல் வளரவல்ல துரியனை நான்காம் மாடியில் குரோ பேக்கில் வைத்திருப்போருக்கும், தளக்கசிவைக் காரணம் காட்டிக் கடிதம் அனுப்பும் குடியிருப்போர் சங்கத்தினருக்கும் இடையே நடக்கும் பூசல்கள் பெரும்பாலும் ஒரே தீர்வில் முடிகின்றன: தொட்டி சொந்த ஊருக்கு அனுப்பப்படுகிறது. காற்றில் ஈரமும் மேலே நிழலும் வேண்டிய மங்குஸ்தான் இராமநாதபுரத்து வெயிலில் மாமனார் தோட்டத்து வரப்பில் நடப்படுகிறது. அடுத்த விடுமுறையில் அதனைப் பற்றி எவரும் கேட்பதில்லை, மாமனாரும் சொல்வதில்லை.

எஞ்சிய வினா ஒன்றே: எந்தக் கொட்டையை ஊன்றலாம்? பழத்தை விரும்புவோர் ரம்புத்தான், அவகாடோ, லிச்சி, மா ஆகியவற்றை விதையால் வளர்க்க வேண்டியதில்லை. ரம்புத்தான் ஒட்டுக்கன்று இரண்டு மூன்று ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கும், அது ஆண்மரமாக அமைந்துவிடும் அச்சமும் இல்லை. விதையை நம்பத்தக்க அயற்கனி மங்குஸ்தான். அதன் விதை மகரந்தச் சேர்க்கை இன்றித் தாயின் திசுவிலிருந்தே உருவாவதால், கன்று தாயை அப்படியே ஒத்திருக்கும். தின்ற பழம்தான் காய்க்கும். இப்பட்டியலில் எல்லாவற்றினும் மெதுவாக வளர்வதும் அதுவே. வாங்கும்போது பழத்தைத் திருப்பி அடிப்புறத்துப் பூப்போன்ற தழும்பின் இதழ்களை எண்ணினால், உள்ளே அத்தனை சுளை இருக்கும். அவற்றுள் பருத்த ஒன்றிரண்டு சுளைகளில்தான் ஊன்றத்தக்க விதை கிடைக்கும்.

மலையடிவாரத்திலோ மேற்குத்தொடர்ச்சி மலையின் சாரல் எட்டும் ஊரிலோ சொந்த நிலம் உடைய வாசகர் அவ்விதையைச் சதை போகக் கழுவி, வெயில் காட்டாமல், அன்றே, ஆழமான தொட்டியில் நிழலில் ஊன்றுக. அருகில் பழத்தின் பெயரையும் நாளையும் பென்சிலால் எழுதிச் செருகி வைக்க. பேனாவால் எழுதியது முதல் மழையிலேயே அழிந்துவிடும்.